பழைய மெகா டிரைவைத் திருத்தியபின் படத்தில் கோடுகள்: எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி, ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களோடு கிடைத்த செகா மெகா டிரைவ் கேம் மெசினின் முதல் மாடல் ஒன்றைத் திருத்தியிருக்கிறார். மின்பகு கெப்பாசிற்றர்கள் எல்லாவற்றையும் 5 வோல்ற்றை நிலையாகத் தரும் இரண்டு 7805 ரெகுலேற்றர்களையும் மாற்றியாயிற்று. கேம் ஓடுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் படத்தில் மெல்லிய நிமிர்ந்த கோடுகள் அசையாமல் நிற்கின்றன. அதற்கு மேல் கிடையாகக் கருமையான பட்டைகள் படபடவென்று நடுங்குகின்றன. திருத்துவதற்கு முன் இப்படி இல்லையாம். புதிதாகப் போட்ட கெப்பாசிற்றர்களை மறுபடி கழற்றுவதா என்று கேட்கிறார்.

கழற்ற வேண்டாம், தம்பி. பழைய போர்டில் ஒரு துளைக்குள் இரண்டாம் முறை சூடு ஏற்றினால் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரு பழுது அல்ல, இரண்டு. எது எங்கிருந்து வருகிறது என்பதை ரீவித் திரையே சொல்லிவிடும், போர்டைத் தொடவே தேவையில்லை.

கோடு அசைகிறதா, நிற்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மெகா டிரைவில் எல்லாம் ஒரே மணிக்கூட்டில்தான் ஓடுகின்றன. ஜப்பான் மாடலில் அதன் மீடிறன் 53.693175 மெகாஹேர்ட்ஸ். அதை 3420 ஆல் வகுத்தால் ஒரு கிடை வரி வருகிறது; செக்கனுக்கு ஏறத்தாழ 15,700 வரிகள். 262 வரிகள் சேர்ந்தால் ஒரு படம். ஆகவே போர்டுக்கு உள்ளே பிறக்கும் இரைச்சல் பெரும்பாலும் படத்தோடு பூட்டப்பட்டிருக்கும், ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் விழும், அதனால் அசையாமல் நிமிர்ந்து நிற்கும். வெளியே பிறப்பதற்கு இந்த மணிக்கூடு தெரியாது. அடப்ரர், வீட்டு மின்சாரம், கூரையில் உள்ள சோலார் இன்வேற்றர் எல்லாம் அந்த வகை. அவற்றால் வருவது ஓடும், சாயும் அல்லது நடுங்கும். நிற்கும் கோட்டுக்குப் போர்டையும், நடுங்கும் பட்டைக்கு மின்வழங்கலையும் பார்க்க வேண்டும்.

நடுங்கும் பட்டையை முதலில் எடுக்கிறேன். அதுதான் இலகு, அதை நீக்காமல் மற்றதை ஒழுங்காகப் பார்க்கவும் முடியாது.

இணையத்தில் தேடினால், மின்சாரத்தால் வரும் பட்டை மெதுவாக உருளும் என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் அது சரி. அங்கே மின்சாரமும் 60 ஹேர்ட்ஸ், படமும் கிட்டத்தட்ட 60. நம்மிடம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அடப்ரருக்குள் டயோட்கள் அதைத் திருத்தியதும் மிஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹேர்ட்ஸ். உங்கள் ஜப்பான் மெகா டிரைவ் செக்கனுக்கு 59.92 படம் போடுகிறது. ஒரு படத்துக்குள் ஒன்றே முக்கால் சுழற்சிக்குச் சற்றுக் குறைவாக விழுகிறது, மூன்று படத்துக்கு ஒரு முறைதான் அதே இடத்துக்குத் திரும்புகிறது. கண்ணுக்கு அது உருளலாகத் தெரியாது, செக்கனுக்கு ஏறக்குறைய 20 முறை நடுங்கும் பட்டையாகத் தெரியும். பால் (PAL) முறை, அதாவது 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்குச் செய்த மெகா டிரைவ் என்றால் செக்கனுக்கு 49.70 படம். அதில் இதே பழுது, மெதுவாக மேலே நகரும் இரண்டு அகலப் பட்டைகளாக வரும். நீங்கள் சொல்லும் படபடப்பு, திருகோணமலையில் ஓடும் ஜப்பான் மெசினில் வரவேண்டிய அதே அடையாளம். வேறு எதையோ தேடி அலைய வேண்டாம்.

அடுத்து, அந்த 100 ஹேர்ட்ஸ் எப்படி உள்ளே வந்தது என்பது. 7805 நல்ல நிலையில் இருந்தால் அடப்ரரின் ஏற்ற இறக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அடக்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வரும் வோல்ற்றளவு ஒரு கணம்கூட 7 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அந்தக் கணத்தில் 5 வோல்ற்றும் கூடவே இறங்கும். செக்கனுக்கு 100 தடவை இறங்கும், அதுதான் பட்டை.

மெகா டிரைவின் பழைய அடப்ரருக்குள் ஒரு நிலைமாற்றி, டயோட்கள், ஒரு பெரிய கெப்பாசிற்றர் இருக்கும். அந்தக் கெப்பாசிற்றரும் உங்கள் போர்டில் இருந்தவற்றின் வயதுதான். மெகா டிரைவ் ஜப்பானில் வந்தது 1988 இல். போர்டில் உள்ளதையெல்லாம் மாற்றிவிட்டு அடப்ரரை அப்படியே விடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. கணக்கைப் பாருங்கள். மெசின் 0.7 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே கெப்பாசிற்றர் தனியாகச் சுமக்கும் நேரம் ஏறத்தாழ 8 மில்லிசெக்கன். 2200 மைக்ரோபரட் என்றால் அந்த நேரத்தில் வோல்ற்றளவு இரண்டரை வோல்ற் இறங்கும். காய்ந்துபோய் 1000 ஆகிவிட்டதென்றால் ஐந்தரை வோல்ற்றுக்கு மேல் இறங்கும். உச்சி 12 வோல்ற்றாக இருந்தாலும் அடி 7 க்குக் கீழே போய்விடும்.

மல்ரிமீற்றரில் டிசி அளந்தால் இது பிடிபடாது. மீற்றர் சராசரியைத்தான் காட்டும், ஒன்பதோ பத்தோ என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். சுமை இல்லாமல் அளந்தால் 12, 13 கூடக் காட்டும். பழைய நிலைமாற்றி அடப்ரருக்கு அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஜப்பான் அடப்ரரைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால் அது 100 வோல்ற்றுக்குச் செய்தது. நம் ஊரில் விற்கும் இறக்கு நிலைமாற்றிகள் பெரும்பாலும் 110 தருபவை. பத்து வீதம் கூடுதலாகப் போகும், 7805 கூடுதலாகச் சுடும். ஆனால் பட்டைக்குக் காரணம் அது ஆகாது. பட்டை மாலையில் கூடி நள்ளிரவில் குறைகிறதென்றால், வீட்டுக்கு வரும் வோல்ற்றளவு இறங்குவதால் அடி 7 ஐத் தொடுகிறது என்று பொருள்.

அடப்ரரா, போர்டா என்று உறுதியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. மெசினைப் பற்றரியில் ஓட்டுங்கள். யூபிஎஸ் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி சீல் பற்றரி போதும். நேரே கொடுத்தால் 7805 இரண்டும் அதிகம் சுடும். ஆகவே நேர் வயரில் 1என்5401 டயோட் நான்கைத் தொடராகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.8 வோல்ற்றை விழுங்கும், நான்கும் சேர்ந்து 3.2. மெசினுக்குப் போவது ஒன்பதரை வோல்ற் அளவு. பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். சீல் பற்றரி குறுக்குச்சுற்றானால் வயரையே உருக்கிவிடும், பியூஸ் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

முதல் மாடலின் பிளக்கில் நடு எதிர், வெளிச்சுற்று நேர். கடையில் இன்று வாங்கும் அடப்ரர்கள் அநேகமாக எல்லாம் இதற்கு நேர்மாறு. இரண்டாம் மாடலில் நடு நேர், பிளக்கின் அளவும் வேறு. பற்றரியை மாட்டும் முன் மீற்றரை வைத்து எது எந்தப் பக்கம் என்று பாருங்கள், மாட்டியபின் பார்த்துப் பயனில்லை.

பற்றரியில் பட்டை முற்றாகப் போய்விட்டால், பட்டையைப் பொறுத்தவரை போர்டில் உங்கள் வேலை சரி. அடப்ரரை மாற்றுங்கள், அல்லது அதைத் திறந்து உள்ளே உள்ள பெரிய கெப்பாசிற்றரை 105 பாகை, 25 வோல்ற் வகையில் அதே அளவோ அடுத்த பெரிய அளவோ பார்த்துப் போடுங்கள். திறக்க முடியாதபடி ஒட்டியிருந்தால் உடைக்காமல் விடுங்கள். 230 வோல்ற் போகும் பெட்டியைப் பசை போட்டு மூடுவது வீட்டுக்கு ஆகாது.

அதற்குப் பதிலாகச் சுவிச்சிங் அடப்ரர் (பெரிய நிலைமாற்றி இல்லாத, இன்றைய இலேசான வகை) வாங்குவதென்றால் 9 வோல்ற், 1.2 அம்பியருக்குக் குறையாமல் வாங்கி, பிளக்கின் முனைகளை மாற்றிச் சோல்டர் பண்ணுங்கள். சுவிச்சிங் அடப்ரரில் 100 ஹேர்ட்ஸ் பட்டை வராது. மலிவானதென்றால் அதற்குப் பதில் சாய்ந்த நெளிவுகள் வரும், நுணுக்கமான பாய் பின்னலைப் போல. அதைப் பார்த்தால் கோடுகளை எண்ணுங்கள். திரையில் தெரியும் ஒரு வரியின் நீளம் ஏறத்தாழ 52 மைக்ரோசெக்கன். குறுக்கே 15 கோடு தெரிந்தால் 15 ஐ 52 ஆல் வகுக்க 0.29 மெகாஹேர்ட்ஸ், அதாவது 290 கிலோஹேர்ட்ஸ். அந்த வட்டாரத்தில் ஓடுவது சுவிச்சிங் ரெகுலேற்றர்தான். 7805 க்குப் பதிலாக அதே மூன்று கால் வடிவில் வரும் சின்னச் சுவிச்சிங் போர்டைப் போட்டவர்களுக்கும் இதே நெளிவு வரும். சூடு குறையும் என்று சொல்லி விற்பார்கள். சூடு குறையும்தான், ஆனால் கொம்பொசிட் படம் (நிறமும் வெளிச்சமும் ஒரே வயரில்) தரும் 80களின் மெசினுக்குள் அதை வைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. உள்ளீடு வெளியீட்டைவிடக் கொஞ்சம் கூடினாலே ஓடும் குறைந்த வீழ்ச்சி ரெகுலேற்றர்களிலும் கவனம் வேண்டும். அவற்றில் சில, வெளியீட்டுக் கெப்பாசிற்றரின் உள்தடை தமக்குப் பிடித்த அளவில் இல்லாவிட்டால் தாமே அலைவுறத் தொடங்கும். 7805 அந்த விடயத்தில் எதையும் பொறுத்துக்கொள்ளும், உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோபரட் பக்கத்திலேயே இருந்தால் போதும்.

பற்றரியில் போன பட்டை, சுவிச்சிங் அடப்ரரில் வேறு வேகத்தில் திரும்ப வந்தால் ஏர்த் பக்கம் பாருங்கள். சுவிச்சிங் அடப்ரரில் இரண்டு கால் பிளக் என்றால், வெளியீடு ஏர்த்திலிருந்து மிதந்துகொண்டு இருக்கும். உள்ளே உள்ள ஒரு சின்னக் கெப்பாசிற்றரின் வழியாக அது 230 இல் பாதியளவுக்கு, 115 வோல்ற் வட்டாரத்தில், நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, விரலில் எறும்பு ஊர்வது மாதிரித்தான் தெரியும். ரீவி, கேபிள் இணைப்பின் வழியாகவோ டிஷ் வழியாகவோ ஏர்த்தைத் தொட்டிருந்தால், அந்தச் சிறு மின்னோட்டம் ஏவி வயரின் கிறவுண்ட் வழியாகத்தான் போக வேண்டும், அதே கிறவுண்டில்தான் படமும் போகிறது. சோதனை இலகு: ரீவியின் அன்ரெனா வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். படம் தெளிந்தால் காரணம் பிடிபட்டது. ரீவியையும் மெசினையும் ஒரே மல்ரி பிளக்கில் போடுங்கள், முடிந்தால் நிலைமாற்றி அடப்ரருக்குத் திரும்புங்கள். ஏவி வயரை எப்போதும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் மாட்டுங்கள். அந்த 115 வோல்ற் முதலில் தொடும் இடம் சிக்னல் ஊசியாக இருந்தால் வீடியோ சிப்புக்கு நல்லதல்ல.

வீட்டுக்குள் வேறு குற்றவாளிகளும் இருக்கலாம். மலிவு எல்இடி பல்ப், பழைய வகை வெளிச்சம் குறைக்கும் சுவிச், பகல் வெயிலில் மட்டும் ஓடும் சோலார் இன்வேற்றர். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நிற்கும் கோடுகள். இவை போர்டுக்குள் பிறப்பவை என்று சொன்னேன். ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மெகா டிரைவ் முதல் மாடலில் இவை ஓரளவு பிறவியிலேயே உண்டு. சோனியின் சிஎக்ஸ்ஏ 1145 என்ற சிப்தான் நிறங்களைச் சேர்த்துக் கொம்பொசிட் படமாக்குகிறது. அதற்கு நிறத்துக்கான துணைக்காவி அலை வேண்டும். பிரதான மணிக்கூட்டை 15 ஆல் வகுத்த 3.579545 மெகாஹேர்ட்ஸ். அந்த அலையைக் கொண்டுவரும் தடமும் டிஜிட்டல் தடங்களும் வீடியோவுக்குப் பக்கத்தில் ஓடும் இடங்களில் இரைச்சல் ஏறுகிறது. வெறும் நீலமோ சாம்பலோ நிறைந்த திரையில் ஜன்னல் கம்பி மாதிரி சம இடைவெளியில் தெரியும். நுணுக்கமான புள்ளிக் கோலங்களின் மேல் மெல்லிய வானவில் பூசினாற்போலத் தெரிவதும் கொம்பொசிட்டின் இயல்புதான், பழுது அல்ல.

ஆனால் நீங்கள் முன்பு இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் திருத்தும்போது மாறியது எது என்று பார்க்க வேண்டும். மாறியவை நான்கே: கெப்பாசிற்றர், 7805, சோல்டர், தகரக் கவசம்.

எனக்கு முதற் சந்தேகம் சோல்டரில், அதிலும் கிறவுண்ட் துளைகளில். கெப்பாசிற்றரின் எதிர்க்கால் போகும் துளை, போர்டு முழுவதும் பரந்த செப்புத் தளத்தோடு சேர்ந்திருக்கும். நீங்கள் அயனை வைத்தால் சூட்டை அந்தத் தளம் இழுத்துக்கொண்டு போய்விடும். 25, 30 வாட் அயனில் மேலே உள்ள ஈயம் உருகிப் பளபளக்கும், துளைக்குள் பாதியில் நின்றுவிடும். பார்த்தால் அழகாக இருக்கும், ஆனால் தொடுப்பு அரைகுறை. அடையாளம்: ஈயம் காலைச் சுற்றிச் சரிவாக ஏறி, தட்டை நோக்கி வழுவழுவென்று படர வேண்டும்; பதிலாகத் தட்டின்மேல் உருண்டையாகக் குந்தியிருந்தால், அல்லது கால் ஓரத்தில் மயிரிழை வளையம் தெரிந்தால், அது ஒட்டவில்லை. போர்டைத் திருப்பி மறுபக்கத்திலும் பாருங்கள். நல்ல இணைப்பில் மறுபக்கத் துளையிலும் ஈயம் எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது விபத்து, பழைய கெப்பாசிற்றரை இழுக்கும்போது துளையின் உள்சுவர் அதோடு சேர்ந்து வந்துவிடுவது. கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும், மேற்பக்கத் தடத்துக்குத் தொடர்பு அறுந்திருக்கும். கெப்பாசிற்றர் இருக்கிறது, ஆனால் சுற்றில் இல்லை.

இரண்டையும் மீற்றரால் பிடிக்கலாம். மெசினுக்கு மின்சாரம் இல்லாமல், மீற்றரை ஓம் வரிசையில் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஊசிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஊசி 7805 இன் உலோகத் தலையில், அது கிறவுண்ட். மற்ற ஊசி ஒவ்வொரு புதுக் கெப்பாசிற்றரின் எதிர்க்காலிலும், ஈயத்தின் மேல் அல்ல, காலின் உலோகத்தின் மேலேயே. அரை ஓமுக்கு மேல் காட்டும் இடம் எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பீப் சத்தத்தை நம்ப வேண்டாம், பல மீற்றர்கள் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். நேர்க்கால்களையும் அதே மாதிரி அவை போகவேண்டிய தடத்தின் அடுத்த முனையோடு பாருங்கள்.

குறித்த இடங்களில் பிளக்ஸ் தடவி, 60 வாட் அயனில் அகலமான முனையைப் போட்டு, 360 பாகை வட்டாரத்தில் தட்டையும் காலையும் ஒன்றாக மூன்று நான்கு செக்கன் சூடாக்கிவிட்டு ஈயம் கொடுங்கள். கூரிய முனை இங்கே உதவாது, அது சூட்டைக் கடத்தாமல் நீண்ட நேரம் நின்று தட்டைத்தான் கெடுக்கும். உள்சுவர் போன துளை என்றால் மெல்லிய வயர் ஒன்றால் மேற்பக்கத் தடத்துக்கும் காலுக்கும் பாலம் போடுங்கள்.

அடுத்தது தகரக் கவசம். முதல் மாடலின் போர்டுக்கு மேல் ஒரு தகடு மூடி, சுற்றிலும் திருகுகள் போட்டுப் பூட்டியிருக்கும். பலர் திருத்தியபின் பாதித் திருகுதான் போடுகிறார்கள், சிலர் தகட்டையே விட்டுவிடுகிறார்கள். அது வெறும் மூடி அல்ல. அந்தத் திருகுகளின் வழியாகத்தான் போர்டின் கிறவுண்ட் பல இடங்களில் தகட்டோடு சேர்ந்து ஒரே பரப்பாகிறது. அதை எடுத்துவிட்டால் டிஜிட்டல் பகுதியின் திரும்பு மின்னோட்டம் வீடியோப் பகுதியின் கிறவுண்ட் வழியாகச் சுற்றிப் போகும், கோடு தடிக்கும்.

கடற்கரை ஊருக்கென்று இங்கே ஒரு தொல்லை கூட உண்டு. உப்புக்காற்றில் அந்தத் திருகுத் தலைகள் துருப்பிடிக்கும், போர்டில் தகடு அமரும் ஈயப் பூச்சு வெளிறி மங்கிவிடும். உப்புவெளியிலோ டச்சுக் குடாப் பக்கமோ ஜன்னல் திறந்த அறையில் வைத்திருந்த மெசின் என்றால் இது நிச்சயம் இருக்கும். திருகை இறுக்கினாலும் இடையில் உள்ள படலம் தொடுப்பைத் தடுக்கும். பென்சில் அழிறப்பரால் அந்த இடங்களைத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று வந்ததும் ஐசோபுரோபைல் அல்ககோலால் துடையுங்கள். துருப்பிடித்த திருகுகளை மாற்றிவிடுங்கள். எல்லாத் திருகையும் போட்டு இறுக்கியபின் தகட்டுக்கும் 7805 இன் தலைக்கும் இடையே ஓம் அளந்தால் கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும்.

7805 இன் தலை வெப்பத்தகட்டோடு சேரும் திருகும் அப்படித்தான். அதன் வழியாகச் சூடும் போகிறது, கிறவுண்டும் சேர்கிறது. வெள்ளைப் பசை மெல்லியதாகத் தடவி இறுக்கமாகப் பூட்டுங்கள். இரண்டு 7805 இன் வெளியீட்டையும் மெசின் ஓடும்போது தனித்தனியே அளந்து பாருங்கள். 4.8 க்கும் 5.2 க்கும் இடையே நிற்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சூடேறியதும் ஒன்று மட்டும் இறங்கினால் அது போலியாக இருக்கலாம். சந்தையில் போலி 7805 ஏராளம். உலோகத் தலை மெலிதாக இருக்கும், எழுத்து விரலால் தேய்த்தாலே மங்கும்.

பழைய கெப்பாசிற்றர் கசிந்திருந்தால் போர்டைக் கழுவினீர்களா? கழற்றும்போது மீன் நாற்றம் மாதிரி வந்திருந்தால், கால்களுக்குக் கீழே பச்சை படிந்திருந்தால், அது கசிவு. அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும், ஈரக்காற்றில் இன்னும் நன்றாகக் கடத்தும். பக்கத்துத் தடத்திலிருந்து சிக்னல் வீடியோவுக்குள் ஊறுவதற்கு அது போதும். மெல்லிய பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு அல்ககோல். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 வீதமும் பரவாயில்லை, அதில் மிச்சம் தண்ணீர் என்பதால் காய்வதற்குக் கூட நேரம் கொடுக்க வேண்டும். கச்சான் வீசும் காலத்தில் நிழலில் ஒரு நாள் போதும். மார்கழி மழை நேரத்தில் விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வைத்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுங்கள்.

கெப்பாசிற்றரின் அளவுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். வீடியோ வெளியே போகும் வழியில் 220 மைக்ரோபரட்டும் 75 ஓமும் தொடராக வருவது வழக்கம், ரீவிக்குள்ளும் 75 ஓம் இருக்கும். 220 இருந்தால் 5 ஹேர்ட்ஸ் வரை ஒழுங்காகப் போகும். கண் தவறி 22 போட்டிருந்தால் 48 ஹேர்ட்ஸுக்குக் கீழே தேயத் தொடங்கும். படத்தின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வெளிச்சம் மாறும், வெளிச்சமான காட்சி வந்ததும் படம் துள்ளும். உங்களிடம் அந்த அறிகுறி இல்லை, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோடு மெலிதாகத் தெரிந்தால் வீடியோ சிப்பின் மின்வழங்கலைச் சுத்தப்படுத்தலாம். சிஎக்ஸ்ஏ 1145 க்கு 5 வோல்ற் வருவது 12 ஆம், 19 ஆம் கால்களில். கிறவுண்ட் 1 ஆம், 24 ஆம் கால்களில். 12 க்கும் 1 க்கும் இடையே 104 என்று பொறித்த 0.1 மைக்ரோபரட் செராமிக் ஒன்றும் 47 மைக்ரோபரட், 16 வோல்ற் மின்பகு ஒன்றும். 19 க்கும் 24 க்கும் இடையே அதே சோடி. கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக, சிப்பின் கால்களிலேயே சோல்டர் பண்ணுங்கள். நீண்ட வயரில் தொங்கவிட்டால் பயன் பாதியாகும். நிரந்தரமாகப் போடும் முன் பலன் இருக்குமா என்று பார்க்க, மின்சாரத்தை நிறுத்திவிட்டு 1000 மைக்ரோபரட் ஒன்றை 7805 இன் வெளியீட்டுக்கும் கிறவுண்டுக்கும் இடையே தற்காலிகமாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். நேர் எதிர் மாறக்கூடாது. கொஞ்சமாவது மாற்றம் தெரிந்தால் சிப் பக்கத்தில் போடுவது நிச்சயம் உதவும்.

ஒசிலோஸ்கோப் இல்லாமல் 5 வோல்ற்றின் இரைச்சலை அறிய ஒரு வழி, காதால் கேட்பது. அம்ப்லிபயர் உள்ள சின்ன ஸ்பீக்கரின் உள்ளீட்டுக்கு 1 மைக்ரோபரட் பொலியெஸ்ரர் கெப்பாசிற்றரும் 10 கிலோ ஓம் தடையும் தொடராகப் போட்டு 5 வோல்ற் தடத்தைத் தொடுங்கள், ஸ்பீக்கரின் கிறவுண்ட் மெசினின் கிறவுண்டில். ஊம் என்ற தாழ்ந்த முழக்கம் என்றால் 100 ஹேர்ட்ஸ் உள்ளே வருகிறது. காட்சி மாறும்போது சுருதி மாறும் சலசலப்பு என்றால் டிஜிட்டல் பகுதி. அடப்ரரின் முதன்மைப் பக்கத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்; 5 வோல்ற் பக்கம் மட்டும்தான். மீற்றரின் ஏசி வரிசை 200 வோல்ற்றிலிருந்து தொடங்குவதென்றால் இந்த வேலைக்கு அது பயன்படாது. 2 வோல்ற் ஏசி உள்ளதென்றால் அளக்கலாம், 20 மில்லிவோல்ற்றுக்குக் கீழே வந்தால் நல்லது.

கோடு முற்றாகவே போக வேண்டும் என்றால் கொம்பொசிட்டை விட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி வயரில் அனுப்பும் ஆர்ஜிபிக்குப் போவதுதான் வழி. முதல் மாடலின் பின்பக்க 8 ஊசி சொக்கெற்றில் ஆர்ஜிபி ஏற்கனவே வருகிறது. 75 ஓம் தடைகள் மெசினுக்குள் உண்டு, கேபிளில் மூன்று நிற வயரிலும் 220 மைக்ரோபரட் ஒவ்வொன்று வேண்டும். நம் ஊர் ரீவிகளில் ஸ்கார்ட் சொக்கெற் இல்லை, ஆகவே ஆர்ஜிபியைக் கொம்பொனன்ற்றாக மாற்றும் பெட்டி ஒன்றும் தேவைப்படும். அப்படிப் போய்விட்டால் சிஎக்ஸ்ஏ 1145 இன் 6 ஆம் காலுக்கு வரும் துணைக்காவியைத் துண்டித்துவிடலாம், கோடுகளின் பெரிய மூலம் அத்தோடு போகும். ஆனால் அதன்பின் கொம்பொசிட்டில் நிறம் வராது, கறுப்பு வெள்ளைதான். காலை உடைக்காமல் தடத்தில் உள்ள உறுப்பின் ஒரு முனையைத் தூக்கி வையுங்கள், பின்னால் திரும்பப் பொருத்தலாம்.

எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், இவ்வளவையும் தொடங்கும் முன் ஒருமுறை பழைய குழாய் ரீவியில் நேரே மாட்டிப் பாருங்கள். மலிவு மாற்றிகள் தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும், 240 வரிப் படத்தை 480 என்று நினைத்து ஓரங்களைச் சீப்பாக்கும். மெல்லிய ஏவி வயரும் அப்படித்தான். உள்ளே கவச வலை இல்லாத வயரில் படமும் சத்தமும் ஒன்றையொன்று கெடுக்கும். வெள்ளைத் திரை வரும்போது ஸ்பீக்கரில் கரகரப்பு வந்தால் முதலில் வயரை மாற்றுங்கள்.

இதே கேள்வியோடு ஜப்பான் பமிகொம் (நின்ரெண்டோவின் பழைய கேம் மெசின்) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. அதில் வருவது அன்ரெனாச் சிக்னல் மட்டும். ஜப்பானின் முதலாம், இரண்டாம் அலைவரிசைகளின் படக் காவிகள் 91.25, 97.25 மெகாஹேர்ட்ஸ். அவை இலங்கையின் எப்எம் வானொலிப் பட்டைக்குள்ளேயே விழுகின்றன. படத்தின் மேல் நெளியும் சல்லடை வானொலி நிலையமாக இருக்கலாம். போர்டில் எதை மாற்றினாலும் அது போகாது. அங்கே கொம்பொசிட்டை வெளியே எடுப்பதுதான் தீர்வு. அப்போதும் நிற்கும் கோடுகள் தெரிந்தால், படத்தை உருவாக்கி வெளியேற்றும் பிபியூ சிப்பின் 21 ஆம் காலைப் போர்டிலிருந்து தூக்கி, அங்கேயே ஒரு ட்ரான்சிஸ்ற்றர் பெருக்கி வைக்க வேண்டும். அந்தக் காலின் தடம் டிஜிட்டல் தடங்களை உரசிக்கொண்டு போவதுதான் காரணம்.

வேலையின் ஒழுங்கு: குழாய் ரீவி, அன்ரெனா கழற்றல், பற்றரி, அதன்பின் திருகுகளும் தகடும், கடைசியாகத்தான் அயன். 7805, 220 மைக்ரோபரட், 104 எல்லாம் திருகோணமலை நகரில் ரீவி திருத்தும் கடைகளிலேயே கிடைக்கும். 1என்5401, பொலியெஸ்ரர் வகை இல்லாவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பற்றரியில் ஓட்டியபின் பட்டை போயிற்றா, கோடு மட்டும் நின்றதா, இரண்டு 7805 இலும் சூடேறியபின் எவ்வளவு காட்டியது, எந்தக் கெப்பாசிற்றரின் எதிர்க்காலில் அரை ஓமுக்கு மேல் வந்தது என்று எழுதுங்கள். போர்டில் அச்சிட்டுள்ள இலக்கத்தையும் சேர்த்து எழுதினால் எந்தத் தடம் எங்கே போகிறது என்று குறிப்பாகச் சொல்லலாம்.